கல்யாண ஆல்பத் தாளில் அகலப் படங்கள்: ஆறு வருட அனுபவம்

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரே படத்தில் அடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பையன்கள் கிரிக்கெட் ஆடும் பொட்டலாகப் பார்த்துப் பழகிய குளம் அது. அதில் வைகைத் தண்ணீர் நிறைந்து, மைய மண்டபம் தலைகீழாகத் தெரிந்த ஒரு சாயங்காலம், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஏழு படம் எடுத்தேன். ஹூகின் என்ற இலவச மென்பொருளில் ஏழையும் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் பார்த்தால் நடுவில் ஒரு ரிப்பன், மேலும் கீழும் கறுப்பு. பெரிதாக்கினால் ஒரு மூலைதான் தெரிகிறது. இந்த மாதிரிப் படத்துக்குத் திரை இடமே இல்லை, சுவர்தான் இடம் என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம்தான் பாடு தொடங்கியது. எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் இன்ச் கணக்கில் 4×6, 8×12, 12×18, இவ்வளவுதான். மூன்று பங்கு அகலம், ஒரு பங்கு உயரம் என்று போய் நின்றால், "ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கங்க" என்று கைகாட்டினார்கள். போட்டேன். மூன்றடிக்கு ஓரடி, சதுர அடிக் கணக்கில் ரொம்ப மலிவு. ஆனால் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்த பொருள் அது. கிட்டே போனால் படிக்கட்டெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்து கிடந்தது. மேற்கு வெயில் படும் வராந்தாவில் மாட்டியிருந்தேன். ஒன்றரை வருடத்தில் சாயங்காலச் சிவப்பு முழுக்கப் போய், வெளிறிய நீலம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது வழி இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. 12×18 தாளில் இரண்டு அகலப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே ஃபைலாகக் கொடுத்தால், 6×18 அளவில் இரண்டு படம் கிடைக்கும். நடுவில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு விட்டால் வெட்டுவதற்கு வசதி. கடைசியாக நான் கொடுத்தது தாளுக்கு 80 ரூபாய், அதாவது படம் 40 ரூபாய். யாருக்காவது பரிசாகக் கொடுக்க, மேஜைக்கு மேலே மாட்ட, இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்க்கவில்லை.

பெரிய படத்துக்கான வழி அக்கா மகள் கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது. புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் மண்டபம் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒட்டுப்போடாத ஒரே படம். ஸ்கேல் வைத்து அளந்தேன். விரித்தால் 12×36, சரியாக மூன்றுக்கு ஒன்று. நான் தேடியதும் அதுதான்! நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களுக்கு லேப்கள் தினமும் இந்த அளவில் அடித்துத் தள்ளுகிறார்கள். 12 இன்ச் அகல ரோல் மெஷினில் ஓடுகிறது, 36 இன்ச்சில் வெட்டுகிறார்கள். தனியாகப் பெரிய சைஸ் பிரிண்ட் என்று கேட்டால் விலை ஒன்று, ஆல்ப ஷீட் என்று கேட்டால் விலை வேறு. எனக்கு 160 ரூபாய்தான் ஆனது.

"ஆல்பம் எத்தனை ஷீட்டுண்ணே?" என்றான் லேப் கவுண்டரில் இருந்த தம்பி.

"ஒரே ஒரு ஷீட்டுதான் தம்பி. ஆல்பம் இல்ல, ஃப்ரேம் போடணும்."

இதோடு நிறுத்தியது என் தவறு. ஆல்ப ஷீட் என்றால் நடுவில் மடிப்புக்கு ஒரு கோடு அழுத்துவது அவர்களுக்குக் கைப்பழக்கம். வாங்கி விரித்தால் மைய மண்டபத்தின் கோபுரத்தை உச்சி முதல் அடி வரை பிளந்துகொண்டு ஒரு பள்ளம் ஓடுகிறது. அன்று வந்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி அடித்துத் தந்தார்கள். அதிலிருந்து ஆர்டர் கொடுக்கும்போதே நான்கு விஷயம் சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்கிறேன்: கிரீஸ் (அந்த மடிப்புக் கோடு) வேண்டாம், லேமினேஷன் வேண்டாம், கலர் கரெக்‌ஷன் வேண்டாம், மடிக்காமல் சுருட்டிக் கொடுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை இருட்டும் நேரத்துப் படத்தை மெஷின் தானாகவே வெளுப்பாக்கி, மத்தியானம் போலாக்கிவிட்டது.

தாளும் முக்கியம். ஆல்ப ஷீட்டில் கிழியாத பிளாஸ்டிக் தாளும் உண்டு, ரசாயனத்தில் கழுவி எடுக்கும் பழைய முறை ஃபோட்டோ பேப்பரும் உண்டு. நான் பேப்பரையே கேட்டு வாங்குகிறேன், மேட் ஃபினிஷில். வானத்தில் நிறம் மெல்ல மாறும் இடங்கள் அதில்தான் வரிவரியாக உடையாமல் வருகின்றன.

ஃபைல் கணக்கு எளிது. இன்ச்சுக்கு 300 புள்ளி என்றால் 12×36-க்கு 10,800 புள்ளி அகலம், 3,600 புள்ளி உயரம். 24 மெகாபிக்சல் கேமராவில் செங்குத்தாக, ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கையாவது மூடும்படி எடுத்தால், ஓரங்களை வெட்டிய பிறகும் இது தாராளமாகக் கிடைக்கும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) எல்லாப் படத்துக்கும் ஒன்றாக இருக்கும்படி மேனுவலில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடமெல்லாம் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். போனின் பனோரமா 6×18-க்கு நன்றாகவே போதும், 12×36-க்கு எனக்குத் திருப்தி வரவில்லை. பெரிய படத்தைத் தூர நின்றுதானே பார்ப்பார்கள், இன்ச்சுக்கு 150 புள்ளி போதும் என்பார்கள். அகலப் படத்துக்கு அது பொருந்தாது. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டமும் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையுமாக ஒரு படம் தென்காசியில் அத்தை வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் யாரும் தூர நிற்பதில்லை. மூக்கு உரச நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார்கள். பனைமரங்களை எண்ணி, "இதுக்கு அடுத்த வயலு நம்ம சொந்தக்காரங்களோடது" என்று அத்தை விரல் வைக்கிறாள்.

செலவு உண்மையில் ஃப்ரேமில்தான். அடிக் கணக்கில் போடுவதால் நீளப் படத்துக்குச் சட்டம் அதிகம் பிடிக்கும். சுற்றிலும் இரண்டு இன்ச் மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி தரும் அட்டை ஓரம்) விட்டால் 16×40, கிட்டத்தட்ட ஒன்பதரை அடிச் சட்டம். கண்ணாடியோடு எனக்கு 1,100 ரூபாய் ஆனது. மிச்சம் பிடிக்க மவுண்டை விட்டுவிடாதீர்கள். கண்ணாடியும் படமும் நேராக ஒட்டி இருந்தால் மழைக்கால ஈரத்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படத்தின் தோல் உரிந்து வரும். எனக்கு ஒரு படம் அப்படிப் போயிருக்கிறது. ஃப்ரேமின் கீழ் முனைகளில் பின்பக்கம் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும், பூஞ்சை பிடிக்காது.

இப்போது வீட்டில் ஐந்து படம் இருக்கின்றன. வெயில் படாத கூடத்துச் சுவரில் மாட்டிய தெப்பக்குளம் ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அன்று கூடவே அடித்துச் சுருட்டி டியூபில் போட்டு வைத்த இன்னொரு பிரதியைப் போன மாதம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரையோரத் தென்னை மட்டைப் பச்சை சற்று மங்கியிருக்கலாம். மற்றபடி என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.