வீட்டுக்கே வந்து ரீமேப் செய்கிறேன் என்பவரிடம் முதலில் பழைய ஃபைலைக் கேளுங்கள்

எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ஓடாமல் ஆக்கிக்கொண்டவன் எழுதுகிறேன்.

என்னுடையது 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட், 75 குதிரைத்திறன். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஏறும்போது, எஞ்சினுக்குக் கூடுதல் இழுவை தரும் டர்போ கண்விழிப்பதற்குள் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்துவிடும். ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவில் உள்ள மென்பொருள் ஃபைலை மாற்றி எழுதினால், சரியாகும் என்றார்கள். ரீமேப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்த வண்டிகளை நானே ஓட்டியிருக்கிறேன்.

விளம்பரம் பார்த்து அழைத்தவர் ஞாயிறு காலை கோவையில் என் வீட்டுக்கு வந்தார். ஒரு மடிக்கணினி, ஒரு சிறு பெட்டி, ஒரு கேபிள், அவ்வளவுதான். பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கருவியை இணைத்துப் பழுது பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் கேபிளைச் சொருகினார். "பழைய ஃபைலை எடுத்து என் பென்டிரைவில் போட்டுவிடுங்களேன்" என்றேன். "அதெல்லாம் இதில் இருக்கிறது சார்" என்று மடிக்கணினியைத் தட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இசியுவில் உள்ளதைப் படித்து எடுக்கவே பல நிமிடம் பிடிக்கும். சில இசியுக்களை ஓபிடி வழியாகப் படிக்க முடியாது. அப்போதும் இசியுவில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள, கம்பெனி போட்ட மூல ஃபைலைத் தேடி எடுக்க வேண்டும். இவர் எண்ணைக்கூடப் பார்க்காமல் நேராக எழுதத் தொடங்கினார்.

பேட்டரி அடுத்த கூத்து. எழுதும்போது சாவி ஆன் நிலையில் இருக்கும், எஞ்சின் ஓடாது; ஆனால் மின்னழுத்தம் இறங்கக் கூடாது. தொழில் தெரிந்தவர்கள் 13 வோல்ட்டுக்குமேல் சீராகத் தரும் பவர் சப்ளையை பேட்டரியில் மாட்டாமல் கைவைக்க மாட்டார்கள். சாதாரண சார்ஜரை நம்ப முடியாது. இவரிடம் அதுவும் இல்லை. என் பேட்டரிக்கு நான்கு வயது. எழுதத் தொடங்கியதும் ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. இசியு செயலில் இல்லாதபோது பல வண்டிகளில் அப்படித்தான் சுற்றும். பேட்டரியை உறிஞ்ச அது ஒன்றே போதும்.

72 சதவீதத்தில் நின்றது. மனிதர் உடனே கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினார்! சாவியை அணைக்காமல், கேபிளைத் தொடாமல், மின்னழுத்தத்தைத் தேற்றிவிட்டு, பாதியில் நின்றதை மறுபடி எழுதும் மீட்பு முறையில் முயல வேண்டிய நேரம் அது. பிறகு ஸ்டார்ட்டர் நான்கு சுற்று சுற்றியது, எஞ்சின் எடுக்கவில்லை. "உங்கள் பேட்டரியில் உயிர் இல்லை சார்" என்று சொல்லிக் கிளம்பியவர் அன்று மாலையிலிருந்து அழைப்பை எடுப்பதில்லை.

மீட்பு வண்டியில் ஏற்றி, இசியு பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் இசியுவைக் கழற்றி மேசைமேல் வைத்து நேரடியாக இணைத்துப் படித்தார். பாதி எழுதப்பட்டிருந்தது வேறொரு மென்பொருள் எண்ணுக்கான ஃபைல். முழுதாக எழுதப்பட்டிருந்தாலும் வண்டி ஒழுங்காக ஓடியிருக்காது என்றார். நல்லவேளை, வேறு சாவி போட்டால் எஞ்சினை ஓடவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசர் பூட்டின் தகவல் கலையவில்லை. என் எண்ணுக்குரிய மூல ஃபைலைத் தேடி எழுதிக்கொடுத்தார். செலவு 14,500 ரூபாய், ஐந்து நாள் பஸ் பயணம்.

வாரண்டியில் உள்ள வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியுக்கள் வைத்திருக்கும். மூல ஃபைலைத் திரும்ப எழுதினாலும் அந்த எண் குறையாது, கைவைத்தது தெரிந்துவிடும்.

மூல ஃபைல் இப்போது ஒரு பென்டிரைவில், ஆர்சி புத்தகத்தோடு பீரோவில் இருக்கிறது. பேட்டரியையும் மாற்றிவிட்டேன், அந்த மனிதர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.