எச்எக்ஸ்டி: டிஸ்க் செக்டாரைத் திறந்து பார்க்க ஒரு நல்ல இலவச எடிட்டர்

விண்டோஸில் செக்டார் (டிஸ்க்கைப் படிக்கும், எழுதும் சிறு அலகு) அளவில் வேலை செய்ய எச்எக்ஸ்டி (HxD) என்ற ஹெக்ஸ் எடிட்டர் போதும்; இது பைட்டுகளை அப்படியே காட்டித் திருத்தவிடும். அட்மினாகத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ஓபன் டிஸ்க் போனால் லாஜிக்கல் (பார்ட்டிஷன்கள்), பிசிக்கல் (முழு டிஸ்க்) என இரண்டு பட்டியல் வரும். இங்கேதான் பலர் குழம்புவார்கள்: பிசிக்கலில் செக்டார் 0 என்பது எம்பிஆர் (டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரம் உள்ள மாஸ்டர் பூட் ரெக்கார்ட்), லாஜிக்கலில் அது அந்த பார்ட்டிஷனின் பூட் செக்டார். ரீட்-ஒன்லி டிக் தானாகவே இருக்கும். எழுதப்போகும் நேரம் வரை எடுக்காதீர்கள்.

ஆஃப்செட்டை (தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை) தசமத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்கச் சுலபம். எம்பிஆரில் 446-இல் பார்ட்டிஷன் டேபிள், தலா 16 பைட்டில் 4 பதிவுகள். 510, 511-இல் முடிவு அடையாளமான 55 ஏஏ. ஃபேட்32 (ஒரு ஃபைல் சிஸ்டம்) பூட் செக்டார் கெட்டால், லாஜிக்கலில் திறந்து பாருங்கள்; அதன் நகல் வழக்கமாக செக்டார் 6-இல் இருக்கும். அந்த 512 பைட்டைக் காப்பி செய்து, அதே லாஜிக்கலின் செக்டார் 0-இல் கன்ட்ரோல்+பி அழுத்துங்கள்; அது இருப்பதன் மேலேயே எழுதும். கன்ட்ரோல்+வி இடைச்செருகப் பார்க்கும். டிஸ்க்கின் அளவு மாறாது என்பதால் அது நடக்காது. எதையும் எழுதும் முன் முழு டிஸ்க்கையும் இமேஜ் (அப்படியே ஒரு ஃபைலாக நகல்) எடுத்து வைப்பது கட்டாயம், ஏனென்றால் சேவ் செய்தபின் அன்டூ உங்களைக் காப்பாற்றாது.

சேவ் மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அந்த வால்யூம் மவுன்ட் ஆகியிருப்பதுதான் (விண்டோஸ் அதைப் பயன்பாட்டில் வைத்திருப்பதுதான்) காரணம்.

குறை? எந்த பைட் எதைக் குறிக்கிறது என்று பெயரிட்டுக் காட்டும் ஃபைல் சிஸ்டம் டெம்ப்ளேட் கிடையாது. தேர்ந்த பைட்டின் மதிப்பைக் காட்டும் டேட்டா இன்ஸ்பெக்டரை வைத்து ஒவ்வொரு ஃபீல்டாக நீங்களே படிக்க வேண்டும். ஜிபிடி (எம்பிஆருக்குப் பதிலான புதிய பார்ட்டிஷன் முறை) ஹெடரில் கை வைத்தால், அதிலுள்ள சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி32-ஐயும் நீங்களேதான் திருத்த வேண்டும். இப்படி ஃபீல்டு வாரியாகப் படிக்க, டெம்ப்ளேட் உள்ள இன்னொரு எடிட்டரான வின்ஹெக்ஸ் வசதி.