வன்னி வெயிலில் 13 ஸ்டொப்: டிஜிட்டலும் பிலிமும்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு சில ஆண்டுகளாக ஆவணப்படம், குறும்படம் எல்லாம் பிளாக்மேஜிக் பொக்கட் சினிமா கமரா 4கே-யில்தான் எடுக்கிறேன். 2018இல் வந்த கமரா. டைனமிக் ரேஞ்ச், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒரே படத்தில் பதியக்கூடிய வீச்சு, 13 ஸ்டொப் (வெளிச்சத்தை அளக்கும் படி) என்று நிறுவனம் சொல்கிறது. இடையில் பாரிசிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 16 எம்எம் கமராவும் கொடாக் விஷன்3 250டி என்ற பகல் வெளிச்சப் பிலிம் சுருள்களும் கொண்டுவந்தார். ஒரே இடம், ஒரே வெளிச்சம், இரண்டு கமராக்கள். திரும்பிப் போய்க் கழுவி ஸ்கேன் செய்து அவர் அனுப்பியதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். எத்தனை ஸ்டொப் என்ற கணக்கு எனக்கு இப்போது இரண்டாம்பட்சம். அந்த ஸ்டொப் தீர்ந்துபோகிற இடத்தில் படம் என்ன ஆகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டில். உள்ளே ஆச்சி ஒருவர் பனையோலைப் பெட்டி இழைக்கிறார். வாசலுக்கு வெளியே வெள்ளை மணல் முற்றம், கொடியில் காயும் வேட்டி, பக்கத்து வளவில் தகரக் கூரை. ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு. பத்து ஸ்டொப் என்றால் ஆயிரம் மடங்கு. கொட்டிலின் மூலைக்கும் மத்தியான வெயிலில் மின்னும் தகரத்துக்கும் அதைவிடக் கூட வரும். ஆச்சியின் முகத்துக்கு அளந்து டிஜிட்டலில் ஒரு ஷொட் எடுத்து அவருக்கே காட்டினேன். "முத்தத்து மாமரம் எங்கை மோனை?" என்றார். வாசல் முழுக்க ஒரே வெள்ளை. அதே அளவில் எடுத்த பிலிமில் மாமரம் நின்றது. வெளிறித்தான் இருந்தது, ஆனால் கிளையும் இலையும் பிரிந்து தெரிந்தன. வேட்டியின் மடிப்புக்கூட இருந்தது.

இதற்குக் காரணம் பிலிமின் அடுக்குகள். நெகட்டிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் பெரிய வெள்ளி உப்பு மணிகள் கொண்ட, வெளிச்சத்தை வேகமாக வாங்கும் அடுக்கும் சிறிய மணிகள் கொண்ட மெதுவான அடுக்கும் உண்டு. பெரியவை வெளிச்சத்தில் நிறைந்த பிறகும் சிறியவை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் வெளிச்சம் மேலே போகப் போகப் படம் மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். டிஜிட்டல் கமராவில் வெளிச்சத்தைப் பதியும் சென்சரில் அப்படி இல்லை. ஒரு புள்ளி நிறைந்தால் நிறைந்ததுதான். அதற்கு மேல் அங்கே எதுவும் பதியாது. மூன்று நிறமும் ஒரே நேரத்தில் நிறைவதும் இல்லை. நெற்றி வியர்வையின் மினுக்கம் மஞ்சளாகும், சூரியனைச் சுற்றிய வானம் பச்சை கலந்த நீலமாகும். டாவின்சி ரிசோல்வ் என்ற நிறத்திருத்த மென்பொருளில் ஹைலைட் ரிக்கவரி (வெளுத்த இடங்களை மீட்கும் வசதி) ஓரளவு சரிசெய்யும், ஆனால் நிறையாத நிறங்களை வைத்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

இருட்டுப் பக்கம் கதை தலைகீழ். கொட்டில் மூலையில் பிலிம் சேறு மாதிரிக் கலங்கிப்போனது. டிஜிட்டலில் அங்கே சாய்த்து வைத்த உலக்கை தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் நெகட்டிவுக்குத் தாராளமாக வெளிச்சம் கொடுக்க வேண்டும், டிஜிட்டலுக்குக் கையை இறுக்க வேண்டும்.

வெளியில் எடுக்கும்போது ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்) 1000இல் வைக்கிறேன். 100 முதல் 1000 வரை சென்சரின் அடிப்படை 400தான், சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் ஐஎஸ்ஓ வெறும் குறிப்பு. 1000 என்று வைத்து அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்தால், நடுச் சாம்பலுக்கு (வெளிச்சத்தை அளக்க நடுப்புள்ளியாக வைக்கும் நிறம்) மேலே ஒன்றேகால் ஸ்டொப்புக்கும் சற்று அதிகமாக இடம் கிடைக்கும். நிழலில் கொஞ்சம் மணல் தூவினதுபோல் வரும், பரவாயில்லை. 1250க்குப் போனாலே அடிப்படை 3200க்கு மாறி, மேலே கிடைத்த இடம் போய்விடும்.

வெளிச்ச அளவை நிறங்களால் காட்டும் போல்ஸ் கலரில் பிங்க் என்றால் நடுச் சாம்பலுக்கு ஒரு ஸ்டொப் மேலே. வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும் அளவு அது. வெயிலில் காய்ந்த எங்கள் ஆட்களின் முகத்தைப் பச்சையிலேயே, அதாவது நடுச் சாம்பல் அளவிலேயே, வைக்கிறேன். முகம் முகமாகவே இருக்கும், வேட்டிக்கு ஒரு ஸ்டொப் மிச்சம். கறுத்த முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கம் கலியாண வீடியோக்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் இரவில் 250டி பயன்படவில்லை, வேகம் போதாது. ஐஎஸ்ஓ 3200இல் டிஜிட்டல்தான் அடுப்படி முகங்களைக் காப்பாற்றியது. நெருப்பின் நடு மட்டும் வெட்டி ஒட்டிய வெள்ளைத்தாளாக நின்றது.

பிலிம் பக்கமே போகலாமே என்று கேட்பவர்களுக்கு: 100 அடிச் சுருள் 2 நிமிடம் 46 வினாடிதான் ஓடும். ஆச்சி ஒரு கதை தொடங்கி வெற்றிலை போட்டு முடிக்க அது காணாது. டிஜிட்டலிலேயே பிலிம் மாதிரி மெல்ல வெளுப்பது வேண்டுமென்றால் 2010இல் வந்த, ஆரி நிறுவனத்தின் அலெக்சா கமரா இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் கூடிய, குறைந்த இரண்டு அளவில் வாசித்துச் சேர்த்து 14 ஸ்டொப்புக்கு மேல் தரும். 2022இன் அலெக்சா 35க்கு 17 என்கிறார்கள். எங்கள் கைக்கு எட்டும் விலை இல்லை.

என்னிடமுள்ள பொக்கட் 4கே-யை வாங்குகிறவர் புது லென்ஸுக்கு முன் நல்ல என்டி பில்டருக்கு (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) காசு ஒதுக்குங்கள். கமராவுக்குள் என்டி கிடையாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துவாரம் எஃப் 4 என்றால் ஏழு ஸ்டொப் மறைக்க வேண்டும். மலிவான கண்ணாடி அகச்சிவப்பை உள்ளே விடும்; ஒரு செத்தவீட்டு ஊர்வலத்தில் கறுப்புக் குடைகள் எல்லாம் எனக்குக் கபில நிறத்தில் வந்தன. அகச்சிவப்பையும் தடுக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள்.