வீட்டில் இருப்பதா, நோட்டா அழுத்துவதா?

"நேத்து ஒரு கொடி, இன்னைக்கு ஒரு கொடி, இவனுவளுக்கு என்னல கொள்கை, நான் ஓட்டே போடப் போறதில்ல" என்று அம்பாசமுத்திரம் டீக்கடையில் பேசும் அண்ணாச்சிகளின் கோபம் நியாயமானதுதான். சரி, அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது?

வீட்டில் இருந்துவிட்டால் அது யாருக்கும் தெரியாது. கொள்கை பிடிக்காமல் வராதவர், சென்னையில் கடையை விட்டு வர முடியாதவர், தூங்கிப்போனவர் எல்லோரும் ஒரே கணக்கு.

நோட்டா, அதாவது 'இவர்களில் யாருக்கும் என் ஓட்டு இல்லை' என்றால் தனியாக எண்ணி அறிவிப்பார்கள். 2013-க்கு முன்பு, யாருக்கும் ஓட்டு இல்லை என்றால், 49-ஓ என்ற தேர்தல் விதிப்படி அதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும், பக்கத்தில் கட்சி ஏஜென்ட் பார்த்துக்கொண்டே இருப்பார், அப்புறம் ஊருக்குள் எப்படி நடமாடுவது? அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இயந்திரத்திலேயே கடைசிப் பொத்தானாக, ரகசியமாக வந்தது. ஆனால் ஒன்று, சட்டமன்றத் தேர்தலிலும் மக்களவைத் தேர்தலிலும் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

இரண்டில் நோட்டாதான் மேல், சந்தேகமே இல்லை. ஆனாலும் 2016 சட்டமன்றத் தேர்தலில் நம்ம ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. ஒரு தெருவில் உள்ளவர்கள் நினைத்திருந்தால் மாறியிருக்கும். அதனால் நோட்டாவுக்கு முன்னால், வேட்பாளர்கள் தரும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் திறந்து, வழக்கும் சொத்தும் என்னவென்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் யாருமே தேறவில்லை என்றால் தாராளமாக நோட்டாவை அழுத்துங்கள்.