டைனான் ஸ்கைவியூ எஞ்சின் மானிட்டர்: மாட்டிப் பார்த்தவன் சொல்வது

ஹாங்கரில் நானே கட்டிய விமானம் வேன்ஸ் ஆர்வி-9ஏ. எஞ்சின் லைகமிங் ஓ-320, 160 குதிரைசக்தி. இதற்கு விமானக் கருவிகளின் எண்களையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் டைனான் ஸ்கைவியூ திரையோடு ஈஎம்எஸ்-220 என்ற எஞ்சின் மானிட்டர் பெட்டியையும் நாலு சிலிண்டருக்கான சென்சார் செட்டையும் வாங்கினேன். திரையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், பளிச்சென்று இருக்கிறது, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் ஓடும் வயர்களைப் பற்றி. மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன், ஏழு ஆனது. அதில் பாதி என் தப்பு.

பெட்டி கையடக்கமானது. ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புச் சுவர்) கேபின் பக்கம் மாட்ட வேண்டும். பொதுச் சென்சார்களுக்கு 37 பின் கனெக்டர், தெர்மோகப்பிளுக்கு (இரண்டு உலோக வயர் சேரும் இடத்தில் சூட்டை அளக்கும் சென்சார்) மட்டும் தனியாக 25 பின் கனெக்டர். பின்களை நாமே வயரில் நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப்) செய்துகொள்ளலாம், அல்லது ரெடிமேடாக வயர் கட்டு விற்கிறார்கள், அதை வாங்கலாம். காசு பார்க்காமல் ரெடிமேட் வாங்குங்கள், குறிப்பாகத் தெர்மோகப்பிள் கட்டை. ஏன் என்றால் அதில்தான் ஆள் ஏமாறுவது.

சிலிண்டர் ஹெட் சூட்டுக்கு ஜே வகை தெர்மோகப்பிள், எக்ஸாஸ்ட் சூட்டுக்கு கே வகை. அமெரிக்க நிற வழக்கப்படி ஜே என்றால் வெள்ளை, சிவப்பு. கே என்றால் மஞ்சள், சிவப்பு. இரண்டிலும் சிவப்புதான் மைனஸ்! இத்தனை வருஷமாக சிவப்பைப் பார்த்தாலே ப்ளஸ் என்று கை தானாகப் போகிற ஒருவன் ராத்திரி பத்து மணிக்கு இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும்? இரண்டாம் சிலிண்டரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே ஹாட் ஏர் கன்னால் ஒவ்வொரு சென்சாரையும் சூடாக்கிப் பார்த்ததில், மற்ற மூன்றும் ஏற, இது மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அந்தச் சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள். எது எந்த சிலிண்டர் என்பதும் அதிலேயே உறுதியாகிவிடும் (லைகமிங்கில் முன் வலது 1, முன் இடது 2, பின் வலது 3, பின் இடது 4).

இன்னொன்று, வயர் எட்டவில்லை என்று சாதாரண செம்பு வயரைச் சேர்த்து நீட்டக் கூடாது. பெட்டி தன் பக்கத்துச் சூட்டை அளந்து கணக்குப் போடுகிறது, நீங்கள் கவுலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறை) செம்பை ஒட்டினால் அங்கே இருக்கிற சூடு கேபின் சூட்டைவிட எவ்வளவு அதிகமோ கிட்டத்தட்ட அவ்வளவு குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டினாலாவது பயந்து இறங்குவோம், குறைத்துக் காட்டினால் எஞ்சின் வேகும்போது நாம் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதே வகைத் தெர்மோகப்பிள் வயரால் நீட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் சென்சாருக்குக் குழாயில் ஓட்டை போட வேண்டும். குழாயைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், நாலும் ஃபிளாஞ்சிலிருந்து (குழாய் சிலிண்டரோடு சேரும் விளிம்பு) ஒரே தூரத்தில் இருக்கட்டும். அப்போதும் நாலு எண்ணும் ஒன்றாக வராது, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயில் பிரஷர் சென்சாரை நேராக எஞ்சினில் திருகிவிடலாம் என்று தோன்றும், நண்பர் ஒருவர் கூட அப்படித்தான் சொன்னார். செய்யாதீர்கள். ஓயாத அதிர்வில் அந்த எடை ஃபிட்டிங்கை ஒடித்துவிடும். ஃபயர்வாலில் மாட்டி நெகிழும் ஹோஸ் வழியாக இணைக்க வேண்டும், எஞ்சின் முனையில் ஊசித் துளை உள்ள ரெஸ்டிரிக்டர் ஃபிட்டிங் போட வேண்டும். ஹோஸ் அறுந்தாலும் ஆயில் பீய்ச்சாமல் கசியத்தான் செய்யும். எனக்கு ஹோஸ் அனுப்பிய கடை (பெயர் வேண்டாம்) இரண்டு முறை தப்பு சைஸ் அனுப்பியது, அதில் ஒரு வாரக்கடைசி போயிற்று.

செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன ரெசிஸ்டர்தான், 30 கிலோ ஓம். ஆர்.பி.எம். அளவை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் பி-லீடிலிருந்து (அதை அணைக்கும் வயர்) எடுக்கும் வயரில் போட வேண்டியது. பி-லீட் எர்த்தானால் மேக்னெட்டோ அணைந்துவிடும், சாவியைத் திருப்பி நாம் அணைப்பதும் அப்படித்தான். ரெசிஸ்டர் இல்லாமல் அந்த வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், வெறும் மீட்டர் வயர் பறக்கும்போதே ஒரு மேக்னெட்டோவை அணைத்துவிடும். அதனால் ரெசிஸ்டரைப் பெட்டியின் அருகில் வைக்காமல் பி-லீடைத் தொடும் இடத்திலேயே வையுங்கள். மின்னோட்டத்தை அளக்க வைக்கும் ஆம்மீட்டர் ஷன்ட்டின் இரண்டு வயருக்கும் ஃபியூஸ் போடுங்கள். சென்சார்களின் எர்த்தை ஒழுங்காகப் பிடியுங்கள். என்னுடையது தளர்ந்திருந்ததால் லேண்டிங் லைட் போட்டபோதெல்லாம் ஆயில் பிரஷர் துள்ளியது, பார்த்த உடனே வயிற்றைக் கலக்கிவிட்டது.

எரிபொருள் ஓட்டத்தை அளக்க வழக்கமான எஃப்டி-60 சென்சார், சிவப்பு டப்பா. வயர்கள் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, ஃபிட்டிங்கின் திருகு மரையில் டெஃப்லான் டேப் சுற்றாமல், ஒரு கேலன் ஓடினால் சென்சார் 68,000 மின் துடிப்பு அனுப்பும் என்று திரையில் போட்டு ஆரம்பித்தேன். பம்பில் நிரப்பிய கேலனோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

சரி, இத்தனை பாடுக்கும் பலன் என்ன? 40 மணி நேரச் சோதனைப் பறப்பில் இப்போது 11-வது மணி. முதல் ஏற்றத்திலேயே மூன்றாம் சிலிண்டர் 430 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, மற்றவை 380 பக்கம். லைகமிங்கின் உச்ச வரம்பு 500 என்றாலும் நான் மஞ்சள் எச்சரிக்கைக் கோட்டை 400-ல் வைத்திருந்ததால் மானிட்டர் உடனே கத்தியது. மூக்கைத் தாழ்த்தி இறங்கி வந்து கவுலிங்கைத் திறந்தால், குளிர்காற்றைச் சிலிண்டர்கள் பக்கம் திருப்பும் பின்பக்கத் தடுப்புத் தகட்டின் ரப்பர் உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. ஒற்றை சென்சாரை இன்னொரு சிலிண்டரில் வைத்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். கையேட்டை முழுசாக அச்சடித்து ஹாங்கரில் வைத்துக்கொள்ளுங்கள், கிரீஸ் பிடித்த கையால் போனைத் தேய்த்துத் தேய்த்து நான் பட்ட பாடு போதும்.