விறகில் ஓடும் வண்டி என்று 1,35,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். குட்டியானை வைத்திருக்கும் விவசாயிகள் அவசியம் படிக்கவும்

கமுதிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிறேன். சரக்கு ஏற்ற ஒரு பழைய டீசல் டாடா ஏஸ், அதாவது குட்டியானை இருக்கிறது. அதை விறகு வாயுவில் ஓடும்படி மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையிடம் பணத்தைக் கொடுத்தேன். பணம் போனது, என்ஜின் போனது, என் அக்கா மகன் உயிரும் போகப் பார்த்தது. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. இதே வியாபாரத்தை வேறு ஆட்களும் செய்வதாகக் கேள்விப்படுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

விறகு வாயு கட்டுக்கதை இல்லை. காற்றைக் குறைவாக விட்டு விறகை எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும், அது என்ஜினில் எரியும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடின. நம் பக்கமும் கரி பஸ் ஓடியது. பஸ்ஸுக்குப் பின்னால் உருளை மாதிரி ஒரு அடுப்பு இருக்கும், கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஆள் நின்று கைப்பிடியைச் சுற்றி ஊதுவார் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த வெயின் கீத் என்ற விவசாயி பிக்கப் வண்டியைப் பல வருடம் விறகிலேயே ஓட்டிக் காட்டியவர். இதெல்லாம் உண்மை என்பதால்தான் நான் விழுந்தேன். எங்கள் ஊரில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமே கிடையாது, டீசல் விலையோ உங்களுக்கே தெரியும்.

பட்டறைக்குப் போன அன்று அடுப்பைப் பற்றவைத்து, வாயு வரும் குழாயில் தீக்குச்சியைக் காட்டினார்கள். நீலமாக, புகையே இல்லாமல் எரிந்தது. அப்புறம் அந்தக் குழாயை என்ஜினில் மாட்டி ஓட விட்டார்கள், ஓடியது. "டீசலே வேண்டாண்ணே, பச்சை விறகு போட்டாலும் ஓடும்" என்றார் முதலாளி. நான் அங்கேயே 80,000 கொடுத்தேன்.

அன்று கவனிக்காமல் விட்டவை இரண்டு. அடுப்பில் அவர்கள் கொட்டியது விறகே இல்லை, மூட்டம் போட்டெடுத்த அடுப்புக்கரி. விறகு வேகும்போது பிசின் மாதிரி வரும் தார், கரியில் கிட்டத்தட்ட கிடையாது. மூட்டத்திலேயே அதெல்லாம் புகையாகப் போய்விடும். கரிமூட்டம் போடும் ஊரில் பிறந்தவன் நான், எனக்கு அது அங்கேயே தோன்றியிருக்க வேண்டும். இரண்டாவது, என்ஜின் ஓடியபோது டீசல் குழாயை யாரும் மூடவில்லை. பெட்ரோல் என்ஜினில் பிளக் பொறி விடும், வாயு மட்டும் போனாலும் எரியும். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. கொஞ்சமாவது டீசல் உள்ளே போனால்தான் வாயு பற்றும். நல்ல அமைப்பு, சீரான ஓட்டம் இருந்தால் டீசலில் பெரும்பங்கை மிச்சம் பிடிக்கலாம், ஆனால் "டீசலே வேண்டாம்" என்பது எந்த நாளும் நடக்காது. வெயின் கீத் ஓட்டியது பெரிய பெட்ரோல் என்ஜின். என்னுடையது இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல்.

பில் கேட்டேன். ஜிஎஸ்டி சேர்த்தால் கூடிவிடும் என்று சொல்லி வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மீதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பணம் கொடுத்ததற்கு இன்று கையில் இருக்கும் உறுதியான ஆதாரம் அது ஒன்றுதான்.

ஊருக்கு வந்து சீமைக்கருவேலத்தைத் துண்டு போட்டு ஓட்டத் தொடங்கினோம். அடுப்பும் குழாயும் பின்னால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. வெறும் வண்டி ஓடும், மிளகாய் மூட்டை ஏற்றினால் பாலம் ஏறும்போது திணறும். டீசல் செலவு பாதிகூடக் குறையவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் வண்டி கிளம்பவே மறுத்தது.

மெக்கானிக் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, காற்றும் வாயுவும் உள்ளே போகும் இன்டேக் வால்வை என் கையில் கொடுத்தார். தண்டு முழுக்கக் கருப்பட்டிப் பாகு காய்ந்து பிடித்த மாதிரி பளபளவென்று கறுப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. சூடாக இருக்கும்போது இளகி ஓடும் தார், ராத்திரி என்ஜின் ஆறியதும் இறுகி வால்வைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். ஹெட் வேலைக்கு 22,000 ஆனது.

அடுப்பையும் அவர்தான் பிரித்துப் பார்த்தார். காற்று அடித்தட்டு வழியாகக் கீழே நுழைகிறது, வாயு மூடிக்குப் பக்கத்தில் மேலே வெளியேறுகிறது. அதாவது விறகு வெந்து கக்கும் தார் முழுவதும் நேராக என்ஜினுக்குப் போகிறது. வண்டிக்கான அடுப்பு தலைகீழாக இருக்க வேண்டும். வாயு மேலிருந்து கீழே இறங்கி, நடுவில் குறுகிய கழுத்துப் பகுதியில் தகதகவென்று கிடக்கும் கரி வழியாகப் போனால்தான் அந்தச் சூட்டில் தார் உடையும். அதற்கும் பிறகு சாம்பல் பிரிக்க ஒன்று, ஆற்ற ஒன்று, வடிகட்ட ஒன்று வேண்டும். எனக்குக் கொடுத்தது ஒரு டிரம்மும், தேங்காய் நார் அடைத்த ஒரு டப்பாவும். விறகும் நன்றாகக் காய்ந்து, ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். பச்சை விறகு என்று சொன்ன வாயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பணத்தை விடுங்கள். ஹெட் சரிசெய்த பிறகு, "ஃபில்டரை மாற்றித் தருகிறோம், ஓட்டிப் பாருங்கள்" என்று பட்டறைக்காரர்கள் சொன்னதை நம்பி மறுபடி ஓட்டினோம். ஒருநாள் ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்து வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினான் அக்கா மகன். மழை தூறியதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கேபினிலேயே படுத்துவிட்டான். என்ஜினை நிறுத்தினாலும் அடுப்பு உடனே நிற்காது. உள்ளே கங்கு இருக்கும்வரை வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், என்ஜின் இழுக்காததால் அது இடுக்கு வழியாக வெளியே கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விடிகாலை நான் போய் எழுப்பியபோது அவனால் உட்கார முடியவில்லை, வாந்தி எடுத்தான், என்னை யாரென்று தெரியாமல் பார்த்தான். அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். போர்க்காலத்தில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இதே விஷத்தில் எத்தனையோ ஓட்டுநர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு அடுப்பு வைத்திருந்தால், தயவுசெய்து சூடு முழுக்க ஆறும்வரை திறந்த வெளியிலேயே விடுங்கள், அந்த வண்டிக்குள் யாரையும் படுக்க விடாதீர்கள்.

யாராவது உங்களிடம் விற்க வந்தால், உங்கள் காட்டு விறகை நீங்களே கொண்டுபோய்க் கொட்டுங்கள். வாயுக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் பிடியுங்கள், பழுப்புப் பிசின் படிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். லோடு ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். ஆர்சி புத்தகத்தில் இல்லாத எரிபொருளுக்கு வண்டியை மாற்ற ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும், அதை யார் வாங்கித் தருவது என்று கேளுங்கள். ஒப்புதல் இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கல்தான்.

பட்டறைக்காரர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்துவிட்டேன். வியாபாரத்துக்காக வாங்கியதென்றால் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று சிலர் பயமுறுத்தினார்கள். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கிய பொருளுக்கு நிற்கும், 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் வெள்ளைத் தாளோ ஜிபே ரசீதோ எது இருந்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வால்வைத் துடைக்காமல் அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன், விசாரணைக்கு அதையும் எடுத்துப் போகிறேன்.