சிமெண்டு சேராத பேவர் பிளாக்: ஜியோபாலிமர் கல் பதித்த அனுபவம்

கார் நிறுத்தும் முன்வாசலுக்குத் தரை போட வேண்டி வந்தபோது, வழக்கமான சிமெண்டு பேவர் பிளாக்குகளுக்குப் பதிலாக, மேட்டூர்ப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர் ஒருவரிடம் 60 மில்லிமீட்டர் கனமுள்ள ஜியோபாலிமர் பிளாக்குகளை வாங்கிப் பதித்தோம். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அவை கண்டுவிட்டதால், இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது: கல் நல்ல கல், ஆனால் வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன.

அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலும், இரும்பு உருக்காலைக் கசடை மாவாக அரைத்த தூளும்தான் இதன் மூலப்பொருள்கள். காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் கலந்த காரக் கரைசல், அவற்றிலுள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்துப் புதிய பிணைப்பாக இறுகச் செய்கிறது. சாம்பலை மட்டும் நம்பிய கலவை நன்றாக இறுகுவதற்கு வெப்பம் கொடுக்க வேண்டியிருக்கும். கசடுத் தூள் சேரும்போது நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே இறுகிவிடும்.

சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமின்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலுடையது. இந்தக் கல்லுக்கு அந்தச் சூளை வேண்டாம் என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன். எனினும் காஸ்டிக் சோடா தயாரிக்க மின்சாரமும், சிலிகேட் தயாரிக்க உலை வெப்பமும் செலவாகின்றன. ஆகவே ‘மாசே இல்லாத கல்’ என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பதிக்கும்போது வெட்டிய ஒரு கல்லின் உட்புறம் நீலப்பச்சையாக இருந்ததைப் பார்த்துக் கொத்தனார் திகைத்துப் போனார். கசடிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வரும் நிறம் அது. காற்றுப் பட்டதும் மெல்ல மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. கார் தினமும் ஏறி இறங்கியும் விளிம்புகள் உதிரவில்லை, மேற்பரப்பில் தூள் கிளம்பவில்லை. எண்ணெய்க் கறை மட்டும் சிமெண்டுக் கல்லில் படிவதைப் போலவே இதிலும் படிகிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், மழைக்குப் பிறகு குழாயடியை ஒட்டிய வரிசைகளில் உப்பு பூத்ததைச் சொல்ல வேண்டும். வினைபுரியாமல் மிஞ்சிய காரம் ஈரத்தோடு மேலேறி, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. தேய்த்துக் கழுவினால் போகிறது, பிறகு மீண்டும் கொஞ்சம் வருகிறது. இது இயல்புதான் என்றார் உற்பத்தியாளர். மற்ற வரிசைகளில் அப்படிப் பூக்காததால், அந்தத் தொகுதியில் காரக் கரைசலின் அளவு மிகுந்திருக்கும் என்றே கருதுகிறேன். விலையும் சாதாரணக் கல்லைவிடச் சற்றுக் கூடுதல். அந்த விலைக்கு இந்தக் கவனக்குறைவு இருக்கக் கூடாது.

இந்தத் தொழில்நுட்பத்தின் உறுதியைப் பற்றி ஐயுறுவோர், 2014-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் டூவூம்பா வெல்கேம்ப் விமான நிலையத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே விமானங்கள் நிற்கும் தளங்களிலேயே இவ்வகைக் கான்கிரீட் பயன்பட்டிருக்கிறது. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் ஜியோபாலிமர் கான்கிரீட்டை ஆராய்ந்திருக்கிறது.

கலவையை வீட்டு வாசலிலேயே போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் அளவுக் கட்டுப்பாடும் உள்ள தொழிற்கூடத்தில் வார்த்த கல்லே பாதுகாப்பானது. சாம்பலோடு சிமெண்டையும் கலந்து செய்த சாதாரணக் கல்லை ஜியோபாலிமர் என்ற பெயரில் விற்பதும் சாத்தியமே என்பதால், பிணைப்புப் பொருள் என்ன என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அழுத்த வலிமைச் சான்றோடு நீர் உறிஞ்சும் அளவையும் கேளுங்கள், ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலையின் 2006 பதிப்பு பேவர் பிளாக்குக்கு வகுத்த சராசரி வரம்பு 6 சதவீதம். இந்தச் சான்றுகளைத் தரும் உற்பத்தியாளர் கிடைத்தால், பின்கட்டுக்கும் இதே கல்லைத்தான் வாங்குவேன்.